வயிற்றுக்குள் திறந்த பை

ஸ்கேன் டாக்டர் என் வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் ஒரு கறுப்பு வட்டம். இந்தக் கரையில் ஒரு புள்ளி வைத்தார், அந்தக் கரையில் ஒரு புள்ளி, நடுவில் கோடு. கோட்டின் பக்கத்தில் எண் வந்து விழுந்தது: 8.7 செ.மீ.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ‘அட, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து மில்லிமீட்டர் வரைக்கும் அளந்துவிட்டதே’ என்றுதான் தோன்றியது. நான் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலைகளும் ஒளியும் நடத்துகிறவள். வயது இருபத்து நான்கு. பெயர் வினோதினி, வீட்டில் வினோ. பயம் வந்தது மூன்று நிமிடம் கழித்து, அவர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, “கூட யாரும்மா வந்திருக்கா?” என்று கேட்டபோது.

கூட வந்திருந்தது அத்தை. அப்பாவின் அக்கா. கல்லலில் இருக்கிறார், எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அடுத்த பஸ்ஸில் காரைக்குடிக்கு வந்து நிற்பார். அவர் தெருவில் பிள்ளை பெற்றவளுக்கும், வயிறு உப்பியவனுக்கும், குடலேற்றம் என்று சுருண்டு படுத்தவனுக்கும் விளக்கெண்ணெய் தடவி உருவி விடுவது அத்தைதான். காசு வாங்க மாட்டார். ஒரு வருஷமாக எனக்கு வயிறு கனத்துப்போய், இரண்டு வாய் சோறு தின்றதும் நிறைந்துவிட்டது போல இருந்தது. வாயு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஸ்கேனுக்கு முன்னால் இரண்டு முறை அத்தை உருவியும் விட்டிருந்தார்.

“வெறும் தண்ணிக் கட்டின்னா நான் கவலைப்பட மாட்டேன். இதுல சின்னச் சின்ன அறையா இருக்கு, ஒரு சுவத்துல சதை மாதிரி துருத்திக்கிட்டு இருக்கு, அதுக்கு ரத்த ஓட்டமும் இருக்கு. மதுரையில கேன்சர் ஆபரேஷன் பண்றவங்ககிட்ட காட்டிருங்க” என்றார் டாக்டர்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பொம்பளப் புள்ளகிட்ட சொல்ற வார்த்தையா இது?”

வெளியே வந்ததும் என்னிடம், “இவுக சின்ன வயசு. படம் பாக்கத்தான் தெரியும். கை வச்சுப் பாத்தாத்தானே தெரியும்?” என்றார். நான் தலையாட்டினேன். கைபேசியில் ஏற்கெனவே தேட ஆரம்பித்திருந்தேன்.

அன்று ராத்திரிக்குள் எனக்கு அரை டாக்டர் பட்டம் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, சினைப்பை படம் வரைந்து, அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். கருப்பைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பாதாம் பருப்பு அளவு. என்னுடைய இடது பாதாம் பருப்பு மாதுளம் பழமாகிவிட்டது. அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இம்புட்டுச் சந்தோஷமா சொல்றியே, ஒனக்குப் பயமே இல்லையாடி?” என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று புரியப் புரியத்தான் பயம் வாலைச் சுருட்டும். அப்படிப் பிறந்துவிட்டேன்.

மதுரையில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து, அது கூடுதலா என்று பார்க்கிற சோதனை. எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் மாதவிலக்குக் கோளாறிலும் அது கூடுமாம், அதனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். அடுத்து எம்ஆர்ஐ. குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டுத் தடதடவென்று தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். காந்தப் புலத்தில் என் உடம்பின் நீரெல்லாம் திரும்பி நிற்கிறது என்று நினைத்தபோது புல்லரித்தது. வெளியே வந்து அப்பாவிடம், “என் உடம்புல இருக்கிற ஹைட்ரஜனெல்லாம் எழுந்திரிச்சு சல்யூட் அடிச்சுச்சுப்பா” என்றேன். அப்பா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். “டீசல் அடைப்பு எடுத்துவிட்ட வண்டி மாதிரி பளிச்சுன்னு மொகத்த வச்சிருக்க. இது என்ன திருவிழாவா?” என்றார். ஆனால் சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் அவர் முதல் சிரிப்பு.

அறுவை செய்யப்போகிற டாக்டர் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார், மேசையில் ஒரு துண்டுத் தாளும் பேனாவும் எப்போதும் இருக்கும். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது.

“இது நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா கெட்டதுன்னு நினைச்சுத்தான் எடுக்கணும். முட்டை மாதிரி, ஓடு உடையாம முழுசா வெளியில வரணும். இந்தக் கட்டிக்கு ஒரு உறை இருக்கு. உறைக்குள்ள இருக்கிற வரைக்கும், கேன்சராவே இருந்தாலும் அது ஸ்டேஜ் ஒன்னு, முதல் படியோட முதல் வரி. எடுத்துட்டா அநேகமா முடிஞ்சது. வயித்துக்குள்ள உடைஞ்சு சிந்திருச்சுன்னா, அந்தச் செல்லு போய் எங்க வேணும்னாலும் ஒட்டி முளைக்கலாம். அப்புறம் கீமோ பத்திப் பேச வேண்டி வரும்” என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். “மேடம், தப்பா நெனக்காதீக. எந்த மெக்கானிக்கும் ஆயில வடிக்காம சம்பை, அதான் எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டிய, கழட்ட மாட்டான். மொதல்ல ஊசி போட்டு உள்ள இருக்கிற தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டா, சுருங்கிப்போன பைய லேசா உருவி எடுத்துறலாம்ல? காரைக்குடியில ஒருத்தவுக அப்படித்தான் சொன்னாக.”

நான் வெட்கத்தில் நெளிந்தேன். டாக்டர் நெளியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“நல்ல கேள்வி. உங்க டிப்போவில ஆயில் தரையில சிந்துனா என்ன பண்ணுவீங்க?”

“மரத்தூளப் போட்டுக் கூட்டிருவோம்.”

“இங்க மரத்தூள் கிடையாது. ஊசி போட்ட ஓட்டை வழியா ஒரு சொட்டு கசிஞ்சாலும் திரும்ப அள்ள முடியாது. அதனால சாதாரண நீர்க்கட்டிக்கு ஊசி போடலாம், சந்தேகம் இருக்கிற கட்டிக்கு ஊசியே கூடாது.”

அப்பா தலையாட்டினார். “அப்பச் சரி, முழு எஞ்சினாத்தான் இறக்கணும்” என்றார்.

இப்போது என் ஆசைக்கு வருகிறேன். வயிற்றை நீளமாகக் கீறாமல், நாலைந்து சின்ன ஓட்டைகள் போட்டு, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளக் கருவிகள் விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மாவுக்கும் அதுவே வேண்டும், ஆனால் வேறு காரணம்: நாளைக்குக் கல்யாணம் பேச வருகிறவர்களிடம் தழும்புக்கு விளக்கம் சொல்ல வேண்டாமே. எனக்குத் தழும்பைப் பற்றிக் கவலை இல்லை. வயிற்றுக்குள் காற்றை நிரப்பிக் கூடாரம் மாதிரி தூக்கி, அதற்குள் வெளிச்சம் போட்டு வேலை பார்க்கிறார்கள் என்றால் எனக்கு அதுதான் வேண்டும்!

“சந்தேகக் கட்டிக்கு வழக்கமா வயித்தைத் திறக்கிறதுதான். உனக்கு அளவு ரொம்பப் பெருசு இல்லை, எங்கயும் ஒட்டின மாதிரி படத்துல தெரியலை. அதனால ஓட்டை வழியா ஆரம்பிக்கலாம்” என்று டாக்டர் தாளில் வரைந்தார். “கட்டியை நான் பிடிக்கவே மாட்டேன். அதைத் தாங்கி நிக்கிற காம்பைத்தான் பிடிப்பேன். அறுக்கிறதுக்கு முன்னாடியே உள்ள ஒரு பையை விட்டு விரிச்சு வச்சுருவேன். கட்டி நேரா அதுக்குள்ள விழணும். சுருக்குக் கயித்தை இழுத்து வாயை மூடிட்டு, அடி வயித்துல ஒரு சின்னக் கீறல் வழியாப் பையோட வெளியில எடுக்கிறது. கட்டி வயித்துச் சுவரைத் தொடவே கூடாது. கடைசியில காத்தைக்கூடக் குழாய் வழியாத்தான் வெளியேத்துவோம், ஓட்டை வழியாப் பீய்ச்சி அடிக்க விட மாட்டோம்.”

“பை எப்படி மேடம் அந்த ஓட்டைக்குள்ள போகும்?”

“குடை மாதிரி. சுருட்டிப் போகும், உள்ள போய் விரியும்.”

நான் கைதட்டாத குறை. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஆனா ஒரு கையெழுத்து வேணும். உடையப் போகுதுன்னு எனக்குத் தோணுனா, யாரையும் கேக்காம அந்த நிமிஷமே வயித்தைத் திறந்துருவேன். அழகான ஆபரேஷனா, முழுசான கட்டியான்னு வந்தா, நான் கட்டி பக்கம்தான்.”

நான் போட்டேன். வீட்டார் கையெழுத்துக்கு அம்மா தயங்கினார். அப்பா போட்டார். தேதி பதினைந்து நாள் கழித்துக் கிடைத்தது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பதினைந்து நாளில் எட்டாம் நாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். இடது பக்கம் காலையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வலி. மாத்திரை கேட்கவில்லை. நான் கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்த அத்தை உள்ளே போய்ச் சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்.

“அயித்தை, வேணாம். டாக்டர் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காக.”

“அவுக அறுக்கத் தொடக் கூடாதுன்னு சொன்னாக. நான் என்ன அறுக்கவா போறேன்? மேலாப்புல தடவுறேன்டி. ஒம் மொகத்தப் பாக்கச் சகிக்கல.”

நான் படித்தவள். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுத்தது என்று வாரம் இரண்டு முறை கரும்பலகையில் எழுதுகிறவள். ஆனால் வலி, அந்த வெதுவெதுப்பான எண்ணெய் வாசம், சின்ன வயதிலிருந்து பழகிய கை. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அத்தை சொன்னபடி மேலாகத்தான் தடவினார். பிறகு பழக்கத்தில், இடது பக்கம் கட்டை விரல் தானாக ஆழம் தேடிப் போனது. சுருக்கென்று ஒரு குத்து. நான் கத்திவிட்டேன். அத்தை கையை வெடுக்கென்று எடுத்தார்.

பத்து நிமிடத்தில் வலி சுத்தமாகக் குறைந்துவிட்டது. அதுதான் பயங்கரம். இறுக்கமாக இருந்த ஒன்றின் இறுக்கம் ஏன் குறையும்?

அத்தையும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டே, “டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லிறாத வினோ. ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சா என்னையக் கல்லல் பஸ்ல ஏத்தி விட்ருவான்” என்றார்.

நான் சொல்லவில்லை. அத்தைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்னால் லேப்ராஸ்கோப்பி கிடையாது, திறந்துதான் செய்வேன் என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். என் கூடாரமும் குடைப் பையும் போய்விடும். சிரிக்காதீர்கள். ஆறு நாள் அப்படித்தான் இருந்தேன்.

அறுவைக்கு முதல் நாள் மதியமே அனுமதித்துவிட்டார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை, ஜன்னலுக்கு வெளியே மதுரைச் சத்தம் முழுவதும். காப்பீட்டுக் காகிதத்துக்கு அப்பா மாடி ஏறி இறங்கினார். அம்மா பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார்: துண்டு, ஃபிளாஸ்க், சீப்பு, என் குறிப்பேடு. நர்ஸ் வந்து, “இது என்ன, பரிட்சைக்கா வந்திருக்க?” என்று கேட்டுவிட்டு, கஞ்சித் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது என்று ஆணை போட்டுவிட்டுப் போனார். மயக்க மருந்து டாக்டர் வந்து கேள்வி கேட்டார். ஒவ்வாமை உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, பல் ஆடுகிறதா. கடைசியில், “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

இல்லை என்றேன். அவர் போனதும் குறிப்பேட்டைத் திறந்தேன். டாக்டர் எனக்கு வரைந்து கொடுத்த படம் ஒட்டியிருந்தது. கட்டி, காம்பு, பை, கேமரா வரும் வழி. இந்தப் படத்தை அவர் எதைப் பார்த்து வரைந்தார்? என் எம்ஆர்ஐயைப் பார்த்து. எம்ஆர்ஐ எப்போது எடுத்தது? எண்ணெய்க்கு முன்னால். நாளைக்குக் காலையில் அவர் ஒரு பழைய வரைபடத்தை நம்பி என் வயிற்றுக்குள் இறங்கப் போகிறார். அளவெடுத்த பிறகு கருவியைத் தட்டிவிட்டு, அதே அளவை எழுதிக்கொண்டு வருகிற மாணவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

சாயங்காலம் டாக்டர் சுற்றுக்கு வந்தபோது அம்மா, அப்பா, அத்தை மூவருமே அறையில் இருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தோன்றியது.

“மேடம், எம்ஆர்ஐக்கு அப்புறம் என் வயித்தை எண்ணெய் போட்டு உருவுனோம். இடது பக்கம் அமுங்கிருச்சு. குத்துன மாதிரி வலிச்சுச்சு, அப்புறம் வலி குறைஞ்சிருச்சு. ஆறு நாளாச்சு.”

அப்பா மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தார். “அக்கா?”

அத்தை சுவரோடு சுவராக நின்றார். நான் அவசரமாக, “நான்தான்ப்பா சட்டையைத் தூக்கிக் காட்டினேன்” என்றேன்.

“நீ சும்மா இருடி.” அத்தை ஓர் அடி முன்னால் வந்தார். டாக்டரைப் பார்த்துத் தன் வலது கட்டை விரலைக் காட்டினார். “இந்த வெரலுதான் தாயி. தொப்புளுக்கு இங்குட்டு, நாலு வெரக்கடை கீழ. ஒரே ஒரு தரம். அதுக்கு மேல அமுக்கல. உடைஞ்சிருக்குமா?”

டாக்டர் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அத்தையின் விரலையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். “சரியா இந்த இடம்தானா? தொட்டுக் காட்டுங்க. அமுக்காம.”

அத்தை தொட்டுக் காட்டினார், ஈரப் பெயிண்டைத் தொடுகிற மாதிரி.

அங்கேயே ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கட்டி அதே வட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, இடுப்புக் குழியில், கறுப்பாக ஒரு மெல்லிய பிறை. கொஞ்சம் நீர்.

“அது கட்டியோட தண்ணியா மேடம்?”

“மாசத்துல இந்தச் சமயத்துல எல்லாப் பொண்ணுங்களுக்கும் இவ்வளவு இருக்கலாம். கசிஞ்சதாவும் இருக்கலாம். இப்பச் சொல்ல முடியாது.” திரையை அணைத்தார். “நாளைக்கு ஓட்டை வழியாவே போறேன், திட்டத்தை மட்டும் மாத்துறேன். உள்ள போனதும் எதையும் தொடுறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவேன். இடது பக்கச் சுவர்ல ஒட்டியிருந்தா அங்க பிரிக்க மாட்டேன். நீ சொல்லாம இருந்திருந்தா நான் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல தூக்கிப் பார்த்திருப்பேன்.” வாசலில் நின்று அத்தையிடம், “அம்மா, இனிமே வயித்துவலின்னு யார் வந்தாலும் முதல்ல ஸ்கேனுக்கு அனுப்புங்க. உங்க பேச்சை ஊர்ல கேப்பாங்க” என்றார்.

அவர் போனதும் அப்பா, “அக்கா, சாப்ட்டியா?” என்றார். அவ்வளவுதான். அத்தையைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது, அத்தை கையில் எனக்கு வாங்கக் கூடாத பன் ஒன்று இருந்தது.

காலையில் தள்ளுவண்டியில் போனேன். அறுவை அறையில் நல்ல குளிர். பெரிய திரைகள் இரண்டு, நீலத் துணி, தட்டு நிறைய நீண்ட கருவிகள். “பை எங்க?” என்று கேட்டேன். நர்ஸ் முகமூடிக்குள் சிரித்து, ஒரு பொட்டலத்தை உயர்த்திக் காட்டினார். பேனா அளவுதான் இருந்தது. இதற்குள்ளா என் மாதுளம் பழம் என்று யோசிக்கும்போதே மேலே இருந்த விளக்கு இரண்டானது.

நடுவில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்த கட்டியை உறைய வைத்து, மெல்லியதாகச் சீவி, அறுவை நடக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்கிற அவசரப் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் ‘எல்லைக்கோட்டுக் கட்டி’ என்று வந்திருக்கிறது. நல்லதும் இல்லை, முழுக் கெட்டதும் இல்லை. “ஆனா இது அவசரமாப் பார்த்தது. முழு ரிப்போர்ட்டுல மாறலாம்” என்றிருக்கிறார்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: “உடைஞ்சுச்சா மேடம்?”

“நாங்க உடைக்கலை. வயித்தைத் திறக்கவும் இல்லை. முன்னாடியே கசிஞ்சிருக்கான்னு லேப்தான் சொல்லணும்.”

விழித்ததும் எனக்கு வயிறு வலிக்கவில்லை, தோள் வலித்தது! வலது தோள், யாரோ முறுக்குகிற மாதிரி. உள்ளே அடைத்த வாயுவில் மிச்சம் உதரவிதானத்தை உரசினால், நரம்பு தப்பாகத் தோள் என்று மூளைக்குச் சொல்லுமாம். அந்த வலியிலும் எனக்கு அது பிடித்திருந்தது. நடந்தால் சரியாகும் என்றார்கள். அத்தை என் ஒரு கையையும், குழாயில் சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பையையும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடத்தினார். “ஒன்னைய மொதமொதல்ல நடக்க விட்டதும் நான்தான்டி. அப்பவும் இப்படித்தான் வாய் ஓயாது” என்றார். சிரித்தால் தையல் இழுத்தது. “சிரிக்க வைக்காதீக அயித்தை” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் நான் கேட்டுக் கேட்டுத் தொல்லை தாங்காமல் டாக்டர் பதிவை ஒரு கைக்கணினியில் கொண்டுவந்து காட்டினார். அம்மா அறையை விட்டே போய்விட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் வயிற்றுக்குள் இளஞ்சிவப்பு வெளிச்சம். ஓரத்தில் குடல் தன் பாட்டுக்கு நெளிகிறது. நடுவில், முத்து நிறத்தில், மேலே சிவப்பு நரம்புகள் கொடி ஓட, பளபளவென்று அது. அழகாக இருந்தது, சொல்லக் கூடாதுதான். முதலில் ஒரு குழாய் வந்து அடியில் தேங்கிய நீரை உறிஞ்சியது. பிறகு இடது பக்கம். அத்தை காட்டிய அதே இடத்தில் கட்டி சுவரோடு ஒட்டியிருந்தது.

“உருவினதுனாலயா மேடம்?”

“அப்படிச் சொல்ல முடியாது. பழைய ஒட்டலாக்கூட இருக்கலாம். ஆனா இங்க பாரு, உறை எவ்வளவு மெல்லிசா இருக்கு. இழுத்திருந்தா இங்கதான் கிழிஞ்சிருக்கும்.”

கருவி அந்த ஒட்டலைத் தொடவே இல்லை. சுற்றுவட்டமாக, சுவரின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வை அறுத்து, ஒட்டியிருந்த துண்டையும் சேர்த்தே விடுவித்தது. செடியை வேர்மண்ணோடு எடுக்கிற மாதிரி. அந்த ஒரு வேலைக்கு நாற்பது நிமிடம். அப்புறம் பேனா போன்ற குழாய் உள்ளே நீண்டது, அதன் நுனியிலிருந்து பை எட்டிப் பார்த்தது, பட்டென்று வாய் விரிந்தது. நான் “ஆ!” என்று கத்திவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தார். முத்து நிறக் கட்டி ஒருமுறை தயங்கி, சரிந்து, பைக்குள் போய் உட்கார்ந்தது. கயிறு இறுகியது. திரையில் இனி அது இல்லை.

நான் அழுதேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. டாக்டர், “முழு ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும். அது வரைக்கும் நிம்மதியா இருக்க முயற்சி பண்ணு” என்றார்.

முயற்சி பண்ணினேன். காரைக்குடி வீட்டில் படுத்துக்கொண்டு பத்து நாளை எண்ணினேன். இதற்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. பெண் பிள்ளைக்கு மாதக்கணக்கில் வயிறு உப்பினால், சாப்பாடு சீக்கிரம் நிறைந்தால், வாயு என்று விடாதீர்கள், ஒரு ஸ்கேன் பாருங்கள். கட்டி என்று தெரிந்த பிறகு உருவ விடாதீர்கள், ஊசி என்று யார் சொன்னாலும் எதற்கு என்று கேளுங்கள். எங்கே அறுவை செய்யப் போகிறீர்களோ அங்கே, “உடையாமல் எப்படி எடுப்பீர்கள்?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். செய்த தப்பையும் சொல்லிவிடுங்கள். சொல்ல மிகவும் கஷ்டமாக இருந்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம்தான் ஆயிற்று.

பதினோராம் நாள் நால்வரும் மதுரைக்குப் போனோம். அத்தை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். டாக்டர் அறைக்குள் மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டார். “நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க, நான் இங்குட்டு இருக்கேன்” என்று வராந்தாக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் எங்கள் முன்னாலேயே இன்னொரு முறை படித்தார்.

“வினோதினி, நேராச் சொல்றேன். கட்டியோட ஒரு மூலையில கேன்சர் இருக்கு. அவசரப் பரிசோதனையில அந்த மூலை வரலை.”

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“முழுசாக் கேளுங்க. மெதுவா வளர்ற ரகம். எல்லாம் உறைக்குள்ளேயே இருக்கு. ஒட்டியிருந்த இடத்தைத் தனியா வெட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், அங்கயும் கேன்சர் வெளியில வரலை. உறை எங்கயும் கிழியலை. இடுப்புக் குழியில இருந்து எடுத்த தண்ணியில ஒரு கெட்ட செல் கூட இல்லை, அது உன் மாசாந்திரத் தண்ணிதான். முதல் படி, முதல் வரி. கீமோ வேண்டாம். வலது சினைப்பை நல்லா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும், வருஷக்கணக்கா.”

அப்பா, “முழு எஞ்சினா எறங்கிருச்சா மேடம்?” என்றார்.

“முழுசா இறங்கிருச்சு.”

அதற்கு மேல் நான் அங்கே உட்காரவில்லை. கதவைத் திறந்தேன். வராந்தா நீளமாக இருந்தது, இரண்டு பக்கமும் காத்திருக்கிற ஆட்கள். அத்தை கடைசியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் ஓடினேன்.

“அயித்தை! உடையல!”

அத்தை நிமிர்ந்தார். “சத்தியமா?”

“எழுதியே குடுத்துட்டாக. தண்ணியும் சுத்தம்.”

“அப்ப அந்த நோயி இல்லையா?”

“இருந்துச்சு அயித்தை. கேன்சர்தான். பையோட வெளிய போயிருச்சு. மருந்துகூட ஏத்த வேணாமாம்.”

அத்தை தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார், என் பக்கம் நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். நானே போய் அந்தக் கைகளைப் பிடித்தேன். சில்லென்று இருந்தன. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்க, அத்தை பெரிய குரலில் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

“அதச் சொல்றதுக்கு எதுக்குடி இம்புட்டு ஓட்டம் ஓடியாற? அறுத்துப் பதினாலு நாளுகூட ஆகல. கூறுகெட்ட கழுத, தையல் பிரிஞ்சா என்ன பண்ணுவ? ஒக்காரு மொதல்ல!”